தியாகலிங்கத்தின் வேலிப் பொட்டு

சரவணைக் கிராமத்துத் தியாகலிங்கம் அண்ணை பொறாமைக்காரர் என்பதை ஊரில் யாரும் அவருக்குப் பின்னால் சொல்வதில்லை. முகத்துக்கு நேரேதான் சொல்வார்கள். அவரும் மறுக்கமாட்டார். "ஓம், எனக்கு எரியுதுதான். எரியாட்டி நான் ஏன் விடியக் காலமை எழும்புறன்?" என்று கேட்பார். பக்கத்து வளவுக் கிணறு நல்ல தண்ணீர், தன்னுடையது உவர் என்பதற்காகவே வளவின் வேறு வேறு மூலைகளில் கிணறு வெட்டிப் பார்த்தவர். எல்லாம் உவர். கூட்டுறவுச் சங்கக்கடையில் கிளாக்கராக இருந்தபோது மனேச்சருடைய கதிரைக்குக் கைபிடி உண்டு, தன்னுடையதற்கு இல்லை என்று பலகை தேடித் தானே கைபிடி அடித்தார். போரால் இடம்பெயர்ந்து கொடிகாமத்தில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் கிடந்த காலத்திலும், அடுத்த குடும்பத்துக்கு யன்னலோரம் கிடைத்துவிட்டதென்று அவர்களோடு கதைக்காமல் இருந்தார். பிறகு அந்தக் குடும்பத்துப் பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டபோது தோளில் போட்டுக்கொண்டு ஆசுப்பத்திரிக்கு ஓடியவரும் அவர்தான். அவருடைய பொறாமை வேறு யாரையும் கெடுத்ததில்லை. அவரைத்தான் நித்திரை கொள்ள விட்டதில்லை.

ஓய்வுபெற்ற பின் அவர் இணையத்தில் தனக்கென்று ஒரு வலைப்பக்கம் தொடங்கியதற்கும் அதுவே காரணம். நயினாதீவில் லதீபா என்ற ஆசிரியை சொந்தமாக ஒரு பக்கம் வைத்திருக்கிறா என்று யாரோ சொல்லிவிட்டார்கள். "நயினாதீவுக்கு இருக்கு, சரவணைக்கு இல்லையோ?" என்று கேட்டுக்கொண்டு, என் இலக்கத்தைத் தேடி எடுத்து அழைத்தார்.

என்னை ஏன் தேடினார் என்பதைச் சொல்லவேண்டும். நான் வேலணை, சரவணை இருக்கும் அதே தீவு. பத்தாம் வகுப்புவரை அங்கே தமிழில் படித்தேன், மிச்சத்தை டென்மார்க்கில் டேனிஷில் படித்தேன். இப்போது ஹேர்னிங் என்ற ஊரில் ஒரு பல் வைத்தியரிடம் வரவேற்பு மேசையில் வேலை. கொரோனாக் காலத்தில் வீட்டுக்குள் அடைபட்டுக் கிடந்தபோது முகநூலைப் பார்க்கப் பார்க்கப் பதற்றம் கூடியது. ஊர்ச் செய்தி ஒன்றைத் தேடிப் போனால் நடுவில் பத்துச் சண்டையும் ஒரு சப்பாத்து விளம்பரமும் வந்து நிற்கும். அதை விட்டுவிட்டு, தீவுப்பகுதியில் எழுத ஆசையுள்ள சிலரைச் சேர்த்து ஒரு வளையம் தொடங்கினேன்.

வளையம் என்றால் பெரிய வித்தை ஒன்றுமில்லை. ஒவ்வொருவருக்கும் சொந்தமாக ஒரு சின்ன வலைப்பக்கம். எந்தக் கொம்பனியின் தயவும் இல்லாமல், தன் பெயரில், தன் நிறத்தில். ஒவ்வொரு பக்கத்தின் தலைமாட்டிலும், ஊர் வளவுகளின் வாசல் கதவைப் போல, 'அடுத்த படலை' என்று ஒரு பொத்தான் இருக்கும். அழுத்தினால் அடுத்தவருடைய பக்கத்துக்குப் போகலாம். அங்கே அழுத்தினால் அதற்கடுத்தவருடையது. இப்படியே போனால் கடைசியில் புறப்பட்ட வீட்டுக்கே வந்து சேர்வீர்கள். அந்தப் பொத்தான்களைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு.

விருப்பக்குறி இல்லை, பகிர்வு இல்லை. பிடித்திருந்தால் கீழே நாலு வரி பின்னூட்டம் எழுதலாம், இல்லாவிட்டால் பேசாமல் போகலாம். லதீபா ஒவ்வொரு நாளும் இறங்குதுறையில் நின்று கடலை ஒரு படம் எடுத்துப் போடுவா, ஒரு சொல்லும் எழுதமாட்டா. ஊர்காவற்றுறையில் ஒருத்தர் தான் திருத்தும் பழைய றேடியோக்களைப் பற்றி எழுதுவார். எனக்கு வீட்டுக்கு வீடு போகும் அந்த ஒழுங்கைகளில் நடப்பதைப் போல இன்பம் வேறில்லை. காலையில் கோப்பியோடு ஒவ்வொரு படலையாகத் திறந்து ஒரு சுற்று வருவேன். யாராவது இரண்டு நாள் எழுதாமல் இருந்தால் போதும். என்ன நடந்ததோ, ஆள் இருக்கிறாரோ என்று அழைத்துக் கேட்பேன். "ஒண்டுமில்லைப் பிள்ளை, எழுத விசயமில்லை" என்பார்கள்.

தியாகலிங்கம் அண்ணை தன் பக்கத்துக்கு 'சரவணைச் சாளரம்' என்று பெயர் வைத்தார். லண்டனிலிருக்கும் மகன் நிசாந்தன் மடிக்கணினி ஒன்று அனுப்பினான். சங்கக்கடையில் தமிழ்த் தட்டச்சுப் பழகியவராதலால் கை வேகம். முதலாவது பதிவு இப்படித் தொடங்கியது: 'இலங்காபுரியின் வடபால் அமைந்த தீவுக்கூட்டங்களுள் சரவணையெனும் இவ்வூரானது தொன்மைச் சிறப்பும் தனித்துவமும் ஒருங்கே வாய்க்கப்பெற்றதாகும்.' அதற்குக் கீழே ஒரேயொரு பின்னூட்டம். அது நான் எழுதியது. வளையத்தை நடத்துகிறவள் எழுதாவிட்டால் சரியில்லை.

ஆனால் அவருக்கு வேண்டியிருந்தது நானோ நிசாந்தனோ இல்லை. ஒரேயொரு வாசகர்தான் வேண்டும், அவவும் அதே வீட்டுக் குசினிக்குள் இருந்தா. மனைவி அன்னபூரணம் அக்கா. பதிவு போட்டு முடித்ததும் எழும்பிப் போய்க் குசினி வாசலில் நின்று, "வாசிச்சீரோ?" என்று கேட்பார். "அடுப்பில கறி கிடக்குது" என்று பதில் வரும். மற்ற நாள் கேட்டால் வேறு கறி.

வாசிக்கவே மாட்டா என்றிருந்தால் அண்ணை பொறுத்திருப்பார். ஒருநாள் மத்தியானம் குசினிக்குள்ளிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தார். அக்கா கைபேசியைச் சீனித் தகரப் பேணியில் சாத்தி வைத்து வாசித்துக்கொண்டிருந்தா. திரையில் இருந்தது நெடுந்தீவு அன்ரனிதாசின் பக்கம்.

அன்ரனிதாஸ் வளையத்தில் தியாகலிங்கம் அண்ணைக்கு அடுத்த வீடு. சேர்ந்த வரிசையில் அப்படி அமைந்துவிட்டது. மாடு வளர்க்கிறவர், இடைக்கிடை கடலுக்கும் போவார். பக்கத்தின் பெயர் 'கட்டாத மாடு'. மேலே தடித்த எழுத்தில் 'குதிரையைப் பற்றிக் கேட்கவேண்டாம்' என்று போட்டிருப்பார். அங்கே காட்டுக் குதிரைகள் திரிவதால், நெடுந்தீவு என்றால் எல்லாரும் அதைத்தான் கேட்கிறார்களாம். பேசுகிற மாதிரியே எழுதுவார், நாலைந்து வரிக்கு மேல் போகமாட்டார்.

'இண்டைக்குப் படகு ஓடேல்லை. மாடுகளுக்கு அதைப் பற்றி ஒரு கவலையும் இல்லை.'

'செவலை காலமை கோயில் மதிலோரம் படுத்திருந்தது. பூசை முடிய எழும்பினது. என்ர மனிசி சொல்லுறா, உங்களை விட அது திறம் எண்டு.'

இதற்கெல்லாம் கீழே பின்னூட்டம் நிரம்பி வழியும். கனடாவிலிருந்து, பிரான்சிலிருந்து, பக்கத்துப் படகுத்துறைக் குறிகட்டுவானிலிருந்து. உண்மையைச் சொன்னால் எனக்கும் எரியும். என் பக்கத்தில் ஒவ்வொரு நாளும் ஒரு தமிழ்ச் சொல்லும் அதற்கு நேரான டேனிஷ் சொல்லும் விளக்கத்தோடு எழுதுகிறேன். ஒருவரும் வருவதில்லை.

தியாகலிங்கம் அண்ணையை அந்தக் காலத்தில் தாங்கி வைத்திருந்தவர் ஒரு கொழும்புக்காரர். பக்கத்துக்கு யார் வருகிறார்கள் என்று காட்டும் எண்ணி ஒன்றை அவர் கேட்டதற்காகப் பொருத்திக் கொடுத்திருந்தேன். அவருடைய சொந்தக் கணினியை அது கணக்கெடுக்காது. மற்றவர்கள் வந்தால் ஊரின் பெயரையும் நின்ற நேரத்தையும் காட்டும். ஒவ்வொரு நாளும் மத்தியானத்தில் ஒருவர் தவறாமல் வந்தார். ஊர், கொழும்பு. வந்தவுடன் போய்விடுவார்.

"உடன போறாரே அண்ணை" என்றேன்.

"கொழும்பில ஆக்களுக்கு நேரமில்லை. படிச்ச ஆளாயிருக்கும், ஒரு பார்வையில வாசிச்சு முடிச்சிடுவார்."

"அண்ணை, கைபேசியில பார்த்தா எங்க இருந்து பார்த்தாலும் அனேகமாக் கொழும்பு எண்டுதான் காட்டும்."

அவர் திருப்பிக் கேட்டார். "உம்மட பக்கத்துக்கு ஆர் வருகினம்?"

"பெரிசா ஒருத்தரும் இல்லை."

"அதுதான். உமக்கு எரியுது."

அன்றிலிருந்து அவர் கொழும்புக்காரருக்காகவே எழுதினார். கொழும்பில் விளங்காது என்று பனங்கிழங்குக்கும் ஒடியலுக்கும் அடிக்குறிப்புப் போட்டார். வேட்டி மாற்றிக்கொண்டு கணினிக்கு முன்னால் இருக்கிறார் என்று அக்கா பிறகு எனக்குச் சொன்னா.

இதற்கிடையில்தான் 'ஓம்' விசயம் வந்தது. இணையத்திலிருக்கும் தமிழ்ப் பக்கங்களைத் தேடி வகை பிரித்துப் பட்டியலிடும் தளம் ஒன்று உண்டு. அதில் ஆள் யாரும் வாசித்துப் பார்ப்பதில்லை. இயந்திரம் சொற்களை எண்ணிப் பிரித்துவிடும். எங்கள் ஊரில் 'ஆம்' என்பதற்கு 'ஓம்' என்போம். அன்ரனிதாசின் பக்கத்தில் பின்னூட்டமெல்லாம் 'ஓம் அண்ணை', 'ஓம் ஓம், எங்கட பசுவும் அப்பிடித்தான்', 'ஓம், சொல்லுங்கோ' என்று கிடந்ததால், இயந்திரம் அதைப் பக்திப் பகுதியில் கொண்டுபோய்ப் போட்டது. பசு வேறு நிறைய இருந்தது. சேலத்திலிருந்தும் மதுரையிலிருந்தும் பக்தர்கள் வரத் தொடங்கினார்கள். 'ஐயா, கோமாதாவை வணங்க உகந்த வேளை எது?' என்று ஒருவர் கேட்டிருந்தார். 'பால் கறக்க முன்னம் வேண்டாம், உதைக்கும்' என்று அன்ரனிதாஸ் எழுதினார். வந்தவர்களுக்கு ஆளைப் பிடித்துப்போயிற்று. ஒருவரும் திரும்பிப் போகவில்லை.

தியாகலிங்கம் அண்ணை உடனே அழைத்தார்.

"பிள்ளை, நான் மூண்டு குறி திருநீறு பூசிக்கொண்டு கணினிக்கு முன்னால இருக்கிறனான். அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்திறவனைப் பக்தியில போட்டிருக்கிறாங்கள். என்னை எதில போட்டிருக்கு, தெரியுமோ?"

"எதில அண்ணை?"

"கட்டடப் பொருட்கள்."

நான் வாயைப் பொத்திக்கொண்டேன்.

"சாளரம் எண்டு பேர் வைச்சதுக்கு, நான் யன்னல் விக்கிறன் எண்டு நினைச்சிருக்கு. சிரியும், சிரியும். உமக்கு ஒரு வேலை இருக்கு, கேளும். என்ர பக்கத்திலயிருந்து அவன்ர பக்கத்துக்குப் போற படலையை எடுத்துவிடும்."

"அது வளையமண்ணை. எடுத்தா அறுந்துபோகும்."

"படலை எண்டு நீர் பேர் வைச்சதே பிழை. படலை றோட்டுப் பக்கம் இருக்கிறது. வளவுக்கும் வளவுக்கும் இடையில வேலியைப் பிரிச்சு விட்டிருந்தா அதுக்குப் பேர் பொட்டு. கோழியும் நாயும் போறது. பொட்டை விடுறதும் அடைக்கிறதும் காணிக்காரன்ர விருப்பம். நீர் வேலணையில பிறந்தனீர்தானே, உமக்கு இது தெரியாதோ?"

தெரியும். எங்கள் வீட்டிலும் அப்படியொரு பொட்டு இருந்தது. அதால் போய்ப் பக்கத்து வீட்டில் உப்பும் வாங்குவோம், சண்டை வந்தால் அடுத்த நாள் அது தென்னோலைக் கிடுகு வைத்துக் கட்டப்பட்டிருக்கும்.

"உங்களிட்ட வாறவை அங்க போயிடுவினம் எண்டோ?"

"கொழும்பார் அங்க போய்ப் பழகிவிட்டார் எண்டா, எனக்கு ஆர் இருக்கினம்?" என்றார். "இவள் ஏற்கெனவே அங்கதான்."

பொட்டை அடைத்தேன். வளையம் அறுந்துவிடக்கூடாது என்பதால் சரவணைச் சாளரத்துக்கும் கட்டாத மாட்டுக்கும் நடுவில் என்னுடைய பக்கத்தைக் கொண்டுவந்து வைத்தேன். அன்ரனிதாசிடம் போகிறவர்கள் இனி என் வாசலைத் தாண்டித்தான் போகவேண்டும் என்பதும் மனதுக்குள் ஓடியது. ஒருத்தராவது நின்று பார்க்கமாட்டார்களா.

அடுத்த நாள் நான் எழுதிய சொல் பொறாமை. டேனிஷில் அதற்கு ஷலுசி என்றொரு சொல் உண்டு. யன்னலில் தொங்கவிடும் அடுக்குத் தட்டி மறைப்புக்கும் அதே சொல்தான். உள்ளே நிற்பவருக்கு வெளியே தெரியும், வெளியே நிற்பவருக்கு உள்ளே தெரியாது என்று விளக்கம் எழுதி, படமும் போட்டேன். வேலைக்கு வந்து கணினியைத் திறந்தால், என் பக்கத்தில் ஒரு பின்னூட்டம். உடனே வாசித்தேன்.

'பூரணம்: இது ஆருடைய வீடு? மாட்டுக்காரத் தம்பியிட்ட எப்பிடிப் போறது? யன்னல் மறைப்பு எங்களுக்கு வேண்டாம்.'

என் எண்ணியைப் பார்த்தேன். ஊர், கொழும்பு. நேரம், சரவணையில் மத்தியானம். அந்தக் கொழும்புக்காரர் யாரென்று அதற்குப் பிறகு பார்க்க ஒன்றுமில்லை. வைத்தியரிடம் தலையிடி என்று சொல்லிவிட்டு வெளியே வந்து சரவணைக்கு அழைத்தேன்.

அக்காதான் எடுத்தா. தேங்காய் துருவிக்கொண்டிருந்ததால் கைபேசியைச் சத்தமாக வைத்திருந்தா.

"அக்கா, நீங்களோ என்ர பக்கத்தில எழுதினது?"

"அது உம்மட வீடோ? வடிவாத்தான் கிடக்கு, ஆனா ஒண்டும் விளங்கேல்லை. நான் மாட்டுக்காரத் தம்பியிட்டப் போக வெளிக்கிட்டனான்."

"எப்பவும் எதால போறனீங்கள்?"

"இவற்ர வீட்டுக்குள்ளாலதான். நிசாந்தன் வந்து நிண்டபோது என்ர போனில ஒரு படம் வைச்சுத் தந்தவன். அதை அமத்தினா இவற்ர வீடு வரும். மேல ஒரு பொத்தான் இருக்கு, அதை அமத்தினா மாட்டுக்காரன். எனக்கு வேற வழி தெரியாது. சோறு வடிச்சிட்டு ஒருக்காப் போய் எட்டிப் பார்த்திட்டு வாறனான். இப்ப அமத்தினா உம்மட வீட்டில கொண்டந்து விடுது."

"அண்ணை எழுதுறதை வாசிக்கிறேல்லையோ?"

துருவலைச் சத்தம் நின்றது. "நாப்பது வருசமாக் கேட்டுக்கொண்டிருக்கிறன், பிள்ளை. இனி வாசிக்கவும் வேணுமோ?"

"நீங்கள் வாசிச்சா அவருக்குச் சந்தோசமா இருக்கும்."

"அவர் எழுதிற சரவணையில சோழன் வாறான், ஒல்லாந்தன் வாறான், வெள்ளைக்காரன் வாறான். இவ்வளவு காலமும் அவரோட இழுபட்ட நான் ஒரு இடத்திலயும் வரேல்லை. மாட்டுக்காரன்ர எழுத்தில பாரும், நாளுக்கொருக்கா மனிசி அவனை ஏசுறா. அவளைக் கேக்கத்தான் நான் போறது."

அப்போது பின்னால் ஒரு பையை நிலத்தில் வைக்கும் சத்தம் கேட்டது. வேலணைக்குச் சாமான் வாங்கப் போயிருந்த அண்ணை திரும்பி வந்து குசினி வாசலில் நின்றிருக்கிறார். எவ்வளவு நேரம் நின்றாரோ தெரியாது.

"கொழும்பு எண்டெல்லோ காட்டினது" என்றார். மெல்லிய குரல்.

"ஆர் கொழும்பில?" என்று அக்கா கேட்டா. "நான் எப்ப கொழும்புக்குப் போனனான்?"

நான் மெதுவாகத் துண்டித்துவிட்டேன்.

பிறகு சரவணைச் சாளரத்தில் புதிதாக ஒன்றும் வரவில்லை. எனக்கு நித்திரை இல்லை. காலையில், பஸ்ஸில், மேசையில் என்று திறந்து திறந்து பார்த்தேன். பக்கம் இருக்கிறதா, அழித்துவிட்டாரா. மத்தியானக் கொழும்புக்காரரும் வரவில்லை. வழி இல்லாத வளவுக்குள் ஏன் வருவா. அன்ரனிதாஸ் எனக்கு எழுதிக் கேட்டார்: 'சரவணை அண்ணைக்கு என்ன? வேலியை அடைச்சாப் பிறகு கதையுமில்லை. நான் ஏதும் பிழையா எழுதிப்போட்டனோ?' அவர் மேல் எனக்கிருந்த எரிச்சல் அன்று கொஞ்சம் குறைந்தது, ஆனால் முழுதாகப் போகவில்லை.

சரவணைக்கு அழைத்துப் பார்க்கப் பயந்துகொண்டிருந்தபோது தியாகலிங்கம் அண்ணையே அழைத்தார்.

"பிள்ளை, பொட்டைத் திறந்துவிடும்."

"அன்ரனிதாசுக்கு நேரயோ?"

"ஓம். உம்மட வீடு இடையில வேண்டாம், அவவுக்கு அது விளங்கேல்லையாம்." எனக்குச் சுருக்கென்றது. அவர் தொடர்ந்தார். "ஆனா ஒண்டு. பொத்தான் தலைமாட்டில வேண்டாம். கீழ வையும். எழுதினது முழுக்க முடிஞ்சாப் பிறகு."

"ஏனண்ணை?"

"முன்படலையால வந்து பின்வேலியால போகட்டும். வளவைப் பார்த்துக்கொண்டு போகட்டும்."

"விரலால ஒரே தள்ளாத் தள்ளிக்கொண்டு போயிடுவா."

"எனக்குத் தெரியும். அதுக்குத்தான் இனிக் கட்டையா எழுதப்போறன்."

கட்டையாக எழுதுவது அவருக்கு இலகுவாக வரவில்லை. முதல் பதிவு சரவணையின் புளியமரங்கள் பற்றி. பத்து வரியில் முடித்திருந்தார், ஆனால் அதிலும் ஒரு ஒல்லாந்தன் இருந்தான். அன்று மத்தியானம் எண்ணியில் கொழும்பு வந்தது, போனது. இரண்டாவது, தீவுக்கு முதன்முதல் பஸ் வந்த கதை. வந்தது, போனது. அவர் மடிக்கணினியை மூடிவிட்டு, வீட்டுக் கூடத்தில் இருந்தபடி குசினிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

"சிரிச்சவ" என்று எனக்குச் சொன்னார்.

"பிறகென்ன அண்ணை, நல்லதுதானே."

"எனக்குச் சிரிக்கேல்லை. அது மாட்டுக்காரன்ர சிரிப்பு. வந்த உடன சிரிச்சிருந்தா எனக்கு. கொஞ்சம் பிந்திச் சிரிச்சா அவனுக்கு. நான் நேரம் பார்த்துக்கொண்டுதான் இருந்தனான்."

"நீங்கள் அக்காவைப் பற்றி எழுதிப் பாருங்கோவன்."

"என்னத்தை எழுதிறது? அவவைப் பற்றி எழுத எனக்கு என்ன தெரியும்?" என்றார். சொன்னபிறகு அவருக்கே அது ஒரு மாதிரி இருந்திருக்கவேண்டும். போனை வைத்துவிட்டார்.

மூன்றாவது பதிவு சில நாள் கழித்து வந்தது. அதில் இலங்காபுரி இல்லை. அப்படியே தருகிறேன்:

'இடம்பெயர்ந்து போய், பல வருடங்களின் பின் ஊருக்குத் திரும்பிவந்த நாளில் எங்களிடம் ஒரு சைக்கிளும் ஒரு ஆடும் இருந்தன. தீவுக்கு வரும் பண்ணைப் பாலத்தில் கடுங்காற்று. சைக்கிளில் சாமான் அதிகம், ஏறி ஓட ஏலாது. நான் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு முன்னால் நடந்தேன். அன்னபூரணம் ஆட்டைப் பிடித்துக்கொண்டு பின்னால் வந்தா. வீடு வரும்வரை நாங்கள் ஒருவரோடொருவர் கதைக்கவில்லை. வீடு இருக்குமோ என்ற பயம்.'

அவ்வளவுதான். அன்னபூரணம் என்ற பெயர் அந்தப் பக்கத்தில் முதல்முறையாக வந்திருந்தது.

எங்களுக்கு இங்கே காலை. நான் கோப்பியை ஆறவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். எண்ணியில் கொழும்பு வந்தது. நின்றது. போகவில்லை. கைபேசி அணைந்துபோய்விட்டதோ, அக்காவுக்கு ஏதுமோ என்று நான் அழைக்கப் போன நேரத்தில் பின்னூட்டம் விழுந்தது.

'பூரணம்: பொய். சைக்கிளைத் தள்ளினது நான். ஆட்டைப் பிடிச்சது இவர். பிடிச்சது எண்டும் சொல்லேலாது, ஆடுதான் இவரை வங்களாவடிச் சந்தி வரைக்கும் இழுத்துக்கொண்டு வந்தது. கதைக்காமல் வந்ததும் பொய். வழி முழுக்க என்னை ஏசிக்கொண்டு வந்தவர், முன்னால போற ஆக்களிட்ட ரண்டு ஆடு இருக்கெண்டு.'

அண்ணை பதில் எழுதுவார் என்று காத்திருந்தேன். அவருக்கு வசனம் அமைக்க நேரம் எடுக்கும். அதற்குள் பொட்டுக்கு அங்கால் இருந்து ஒருவர் வந்துவிட்டார்.

'அன்ரனிதாஸ்: அக்கா, இழுக்கிற ஆட்டை விடாமல் அவ்வளவு தூரம் வந்ததே பெரிய காரியம். மாடெண்டாலும் பரவாயில்லை, ஆடு சனியன். அண்ணை கெட்டிக்காரன்.'

என் கைபேசி அடித்தது.

"பார்த்தீரோ?"

"பார்த்தன் அண்ணை. அக்கா வாசிச்சிருக்கிறா. ஒரு சொல்லும் விடாமல் வாசிச்சிருக்கிறா."

"அதில்லை, அதுக்குக் கீழ பாரும். என்ர வளவுக்குள்ள வந்து, என்ர மனிசிக்கு, நான் வாய் திறக்க முன்னம் பதில் சொல்லிப்போட்டுப் போறான்."

"உங்களுக்காகத்தானே கதைக்கிறார்."

"அதுதான் எரியுது. எனக்காகக் கதைக்க எனக்குத் தெரியாதோ?"

"அப்ப பொட்டை அடைக்கட்டோ?"

அவருக்குப் பின்னால் குசினிக்குள்ளிருந்து அக்காவின் குரல் வந்தது. "இஞ்சருங்கோ, மாட்டுக்காரத் தம்பி உங்களைக் கெட்டிக்காரன் எண்டு எழுதியிருக்கிறான். நீங்கள் ஏன் பேசாமல் இருக்கிறியள்? ஆடு இழுத்ததோ இல்லையோ?"

"வையும் பிள்ளை" என்றார். "எனக்கு வேலை கிடக்கு."

அவருடைய பதில் வர நெடுநேரம் சென்றது. நான் வேலைக்குப் போய்ச் சேர்ந்து, முதல் ஆளின் பெயரைப் பதிந்துகொண்டிருந்தபோதுதான் திரையில் விழுந்தது.

'தியாகலிங்கம்: பின்னூட்டக்காரர் கூறுவதில் ஓரளவு உண்மை உண்டு. எனினும், முன்னால் சென்றவர்களின் இரண்டு ஆடுகளும் மெலிந்தவை என்பதையும், எமது ஆடே கொழுத்தது என்று அன்று தாமே கூறியதையும் அவர் மறந்துவிட்டார். நெடுந்தீவு அன்பருக்கு: இது எமது குடும்ப விடயம்.'

'பூரணம்: அப்பிடிச் சொன்னது நீங்கள் அழுதுகொண்டு வந்தபடியால. சோறு ஆறுது. மிச்சத்தை வந்திருந்து சாப்பிட்டுக்கொண்டு சொல்லுங்கோ.'

அதன் பிறகு அந்தப் பக்கத்தில் எவரும் ஒன்றும் எழுதவில்லை. அன்ரனிதாஸ்கூட எழுதவில்லை. சரவணையில் அவர்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். இங்கே மேசைக்கு முன்னால் ஒருவர் கன்னத்தைப் பொத்திக்கொண்டு தன் முறைக்காக நின்றார். ஒரு நிமிடம் பொறுங்கள் என்று அவரிடம் டேனிஷில் சொல்லிவிட்டு, 'சோறு ஆறுது' என்ற அந்த வரியை நான் இன்னொரு தடவை வாசித்தேன். இத்தனை வருடத்தில் என் பக்கத்துக்கு யாரும் அப்படியொரு வரி எழுதியதில்லை.